சீனிக்குள் விழுந்த மூக்குத்தி

மாங்குளத்தில் நான் வழமையாகத் தேத்தண்ணி குடிக்கும் கடையை ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். எனக்கு அவர்கள் அண்ணன், அக்கா.

இன்று பின்னேரம் போனபோது, இருவரும் ஒரு தட்டு நிறையச் சீனியைக் கொட்டிவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மூக்குத்தி கழன்று சீனிப் போத்தலுக்குள் விழுந்துவிட்டதாம்.

சின்ன வெள்ளைக்கல். சீனியும் மினுங்குகிறது, கல்லும் மினுங்குகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் தேடினேன்.

"விடுங்கோப்பா, அது கவரிங்தானே" என்ற அக்கா, வெறும் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

எனக்கு வழி தெரியும். நான் படிப்பிப்பதே விஞ்ஞானம். ஆனால் கடைக்காரரிடம் அவருடைய சீனியையே கரைக்கச் சொல்வது எப்படி?

"தண்ணியில கரைச்சு வடிச்சால் கல்லு மிஞ்சும்" என்று மெல்லச் சொன்னேன்.

அண்ணன் சீனியைச் சட்டிக்குள் கொட்டி, கொதித்த கேத்திலைத் தூக்கி ஊற்றினார்.

"ஐயோ, ஒரு கிலோ சீனியப்பா!"

"சீனி நாளைக்கும் வாங்கலாம். பொறும்."

வடித்தார். பாகு கீழே இறங்க, மூக்குத்தி வடியில் தங்கியது. அதைக் கழுவி அண்ணனே அக்காவின் மூக்கில் போட்டுவிட்டார்.

"ஆக்கள் பாக்கினம்" என்றார் அக்கா. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

பாகில் தேசிக்காய் பிழிந்து கடையிலிருந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்குப் பெரிய கிளாஸ்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. சொல்ல மனம் வராமல் முழுவதையும் குடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனை. டொக்டர் நம்பக்கூடிய காரணம் ஒன்று யாராவது சொல்லுங்கள். நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்.