மாமனார் காட்டும் வானிலை

செல்போனில் வானிலை பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குத்தான் மாமனார் இருக்கிறாரே. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். கிழக்கே இருந்து வறண்ட காற்று வந்து உட்கார்ந்துகொண்டால் தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மாமனார் போனில் எரிந்து விழுவார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று புகுந்துவிட்டால் நூல் பதமாக ஓடும். அவரும் குழைந்து பேசுவார். அவர் சிடுசிடுத்தால் மழை இல்லை, குழைந்தால் குடை. இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் தினமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மகளின் முதல் பிறந்தநாள் சித்திரை மாதத்தில் வந்தது. கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டுச் சாயங்காலம் விருந்து என்றேன்.

“மழை வந்துபோட்டா என்ன பண்றதுங்க? மண்டபமே புடிச்சரலாம்” என்றாள் மனைவி.

“வராது.”

“வந்துச்சுன்னா இனிமே இந்த ஊட்ல வானிலைன்னு வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமுங்களா?”

சம்மதித்தேன். திமிர்தான், வேறென்ன.

பிறந்தநாளன்று மத்தியானம் பல்லடத்துக்குப் போன் போட்டேன். “தறி எப்படி ஓடுதுங்க மாமா?”

“அருமையா ஓடுதுங்க மாப்ள. ஒரு நூலுகூட அறுவலீங்க. சாப்ட்டீங்களா? பேத்திக் கண்ணு என்ன பண்ணுது?”

குழைந்துவிட்டார். அப்படியென்றால் மழை. பந்தல் துணி தூறலுக்கே ஒழுகும். மாடியில் இருந்த பெஞ்சு, அண்டா, வாழையிலை எல்லாவற்றையும் கீழே என் லேத் பட்டறைக்கு இறக்கச் சொன்னேன். டிரில்லிங் மிஷினில் பலூன் கட்டினேன். சமையல்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்க, ஒரு பொட்டு மேகங்கூட இல்லீங்களே?”

“வருமுங்க” என்றேன்.

சாயங்காலம் வரை வெயில் காய்ந்தது. மாமனார் வந்தார்; பலூனைப் பார்த்துத் திகைத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட, காலையில இருந்து நூலு அந்துட்டேதானுங்க இருக்குது! நல்ல நாளும் அதுவுமா மாப்ளைகிட்ட அதையெதுக்குச் சொல்லோணும்னு உட்டுப்போட்டேன்.”

மரியாதை என் வானிலையைக் கெடுத்துவிட்டது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்ப மாடிக்கு ஏற்றினோம். சமையல்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இலை போட்டு, பாயசம் ஊற்றும்போது மேற்கே இருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து பந்தலைத் தூக்கியது. அப்புறம் இடி. அப்புறம் பாயசத்தில் மழை. சொந்தபந்தம் எல்லாம் இலையோடு பட்டறைக்கு ஓடியது.

லேத்துக்குப் பக்கத்தில் நனைந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பல்லடத்தில் வறண்ட காற்று நகராமல் நின்றிருக்கிறது. பாலக்காட்டு ஈரக்காற்று வந்து அதில் முட்டியிருக்கிறது. முட்டியதும் மேலேதான் கிளம்ப முடியும். கிளம்பி, மேகமாகி, கணபதியில் கொட்டிவிட்டது. ஒரு காற்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டும் சண்டை போட வேண்டும். எவ்வளவு பெரிய உண்மை! சொல்ல வாயெடுத்தேன். மனைவி கரண்டியோடு திரும்பினாள்.

“மாப்ள மத்தியானமே மழைன்னு கரெக்டாச் சொல்லிப்போட்டாரு அம்மணி” என்று மாமனார் பரிந்து வந்தார்.

“மழை வந்துச்சுங்களா, இல்லீங்களா?” என்றாள் என்னிடம்.

“வந்துச்சு” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

இப்போதெல்லாம் மாமனாரிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். தறி எப்படி ஓடுகிறதென்று அவள்தான் கேட்கிறாள். தன் மகளிடம் அவர் உண்மையைச் சொல்கிறார்.