ஓர வரிசைக் கரும்பு

கிண்ணியாவில் தாஹிர் என்று கேட்டால், "ஆரு, கரும்புச்சாறு தாஹிரா?" என்பார்கள். சந்தியில் சாறு பிழிந்து விற்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். தம்பலகாமத்துக்கு அப்பால் ஒரு சீனிக் கம்பனி வைத்திருக்கும் பரிசோதனைத் தோட்டத்தில் பதினொரு வருடமாகச் சாறு சோதிக்கிறவர். வயது நாற்பத்தெட்டு. சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சாண் நீளக் குழாய் இருக்கும். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், இனிப்பு எவ்வளவு என்று இலக்கம் தெரியும். வீட்டில் பப்பாசி வெட்டினாலும் அதில் ஒரு சொட்டைப் பிழிந்து பார்க்காமல் மனுசன் வாயில் வைக்கமாட்டார். "பிறகு நாக்கு என்னத்துக்கு உங்களுக்கு?" என்று மனைவி நப்லா கேட்பாள். நாக்கு பொய் சொல்லும், குழாய் சொல்லாது என்பது தாஹிரின் கட்சி.

வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரே தடியில் அடிச்சாறு, நடுச்சாறு, நுனிச்சாறு என்று தனித்தனியாகப் பிழிவார். அடியும் நுனியும் கிட்டத்தட்ட ஒரே இலக்கம் காட்டினால்தான் கரும்பு முற்றியது என்று ஒப்புக்கொள்வார். அதோடு விடமாட்டார். சாற்றில் கரைந்து கிடப்பதெல்லாம் சீனியாகிவிடாது என்பதால், ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சீனி தேறும் என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடப் போவார்.

ஐந்து ரகங்களைப் பக்கம் பக்கமாக நட்டு இரண்டு வருடம் சோதித்தார்கள். பழைய ரகத்துக்கு ஊரில் தடியன் என்று பெயர். கையளவு தடிப்பு, இரும்பு மாதிரித் தோல், நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ சீனி தருவதே பெரும்பாடு. புதிய பதினேழாம் நம்பரோ ஒல்லி, மெல்லிய தோல், நகத்தால் கீறினாலே சாறு வரும். அது பத்தரை கிலோ தந்தது. பத்தரை! முதல்நாள் அந்த இலக்கத்தைக் கண்டபோது தாஹிர் நம்பாமல் மூன்று தடவை சோதித்தார்.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. பாத்தியின் ஓர வரிசையிலிருந்து மாதிரி வெட்டக்கூடாது. ஓரத்தில் வெயிலும் காற்றும் அதிகம் என்பதால் அந்தக் கரும்பு இல்லாத பவிசு காட்டும். நடுவில் நிற்பதைத்தான் வெட்ட வேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த இரண்டு வருடமும் யானை வந்து தின்றது ஓர வரிசையைத்தான். அதுவும் பதினேழின் ஓரத்தை மட்டும். சப்பித் துப்பிய சக்கையும் லத்தியும் கிடக்க, பக்கத்தில் தடியன் ஓர் இலைகூடக் கசங்காமல் நின்றது. தாஹிர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"சேர், பதினேழை மட்டும் தெரிஞ்செடுத்துத் திண்டிருக்கு" என்று ஆய்வு அதிகாரியிடம் சொன்னார்.

"அது ஓர வரிசைதானே தாஹிர். கணக்கில எடுக்கிறேல்லையே."

சரி என்று தாஹிர் விட்டுவிட்டார். படிவத்தில் அதை எழுத ஒரு கட்டமும் இருக்கவில்லை. கட்டம் இல்லாவிட்டால் யானை இல்லை என்று ஆகிவிடுமா? நாசமாய்ப் போன படிவம்!

தோட்டத்துக்கு அடுத்த காட்டோரத்தில் தம்பையாவுக்கு மூன்று ஏக்கர். வயது அறுபதைத் தாண்டியவர். பதினைந்து வருடமாகத் தடியனை வளர்த்துக் கம்பனிக்குக் கொடுத்து வந்தார். தாஹிர் மத்தியானத் தேத்தண்ணியைக் குடிப்பது அவர் வீட்டில்தான். அவர் மனைவி பத்மாசனி தாஹிருக்கென்று ஒரு கோப்பையைத் தனியாக வைத்திருந்தாள். சீனி கூடத் தேறும் கரும்பைத்தான் இனி முதலில் எடுப்போம் என்று கம்பனி அறிவித்ததும், தம்பையாவுக்குப் பயம் பிடித்தது. வெட்டாமல் நின்றால் தடியன் காய்ந்து விறகாகிவிடும்.

"கம்பனிக்காரன் ஆயிரம் கதை சொல்லுவான் தம்பி. எனக்கு உங்கட சொல்லுத்தான். பதினேழை நடட்டோ?" என்று அவர் கேட்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு நடுங்க அண்ணன்."

"எங்கட காணி காட்டோரம். யானை?"

தாஹிர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "யானைக்கு எல்லாக் கரும்பும் ஒண்டுதான் அண்ணன்."

ஏன் அப்படிச் சொன்னார்? பொய் சொல்லிப் பிழைக்கிற மனுசனில்லை. பத்தரை என்ற இலக்கம் அவர் தலைக்குள் ஏறிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கரும்பு நன்றாக வந்தது. பத்தாம் மாதம் தாஹிர் சாறு பிழிந்து, குழாயைத் தம்பையாவின் கையிலேயே கொடுத்தார். "மேல நீலம், கீழ வெள்ளை. ரெண்டும் பிரியிற இடத்தைப் பாருங்க." தம்பையா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இருபத்தொண்டு!" என்று சின்னப்பிள்ளை போலக் கத்தினார். இனித் தண்ணீர் காட்டினால் இனிப்பு இறங்கிவிடும், வாய்க்காலை அடையுங்கள் என்றார் தாஹிர்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பின்னேரம், உடைத்துக்கொண்ட வாய்க்காலை அடைக்க மண்வெட்டியோடு போன தம்பையா திரும்பி வரவில்லை. மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகை முடிந்து வந்த தாஹிருக்கு, அவரை யானை அடித்துவிட்டது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. மோட்டார்சைக்கிளில் பறந்தார். ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் முறிந்து கிடந்தது. உள்ளே கரும்பு அப்படியே நின்றது. வாய்க்கால் கரையில் கண்டதை அவர் இன்றுவரை நப்லாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கம்பனி அந்தக் காணியிலும் மாதிரி எடுக்கச் சொன்னது. நடுவிலிருந்து வெட்டினார். பத்தே முக்கால் வந்தது, அதுவரை வந்ததிலேயே உயர்ந்த கணக்கு. படிவத்தின் அடியில் பென்சிலால் எழுதினார்: "யானை பதினேழைத் தெரிந்தெடுத்துத் தின்கிறது. தடியனைத் தொடுவதில்லை. இரண்டு வருடம் கண்டேன்." தட்டச்சில் வந்த அறிக்கையில் பத்தே முக்கால் இருந்தது, அந்த வரிகள் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் பத்மாசனியிடம் போனார். அவள் அதே கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். யானை அந்தக் கரும்பைத் தேடி வரும் எண்டு எனக்கு முந்தியே தெரியும். அண்ணன் கேட்டவர். எல்லாம் ஒண்டுதான் எண்டு நான் சொல்லிப்போட்டன்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பத்மாசனி எழுந்து உள்ளே போய், அலுமாரியின் மேலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அதற்குள் யானையை விரட்டக் கொளுத்திப் போடும் யானை வெடி நான்கு இருந்தது.

"கரும்பு இனிக்கத் தொடங்கியிட்டுது, இதையும் கொண்டு போங்கோ எண்டு அண்டைக்குக் கையில குடுத்தனான் தம்பி. அவர் சிரிச்சார். 'யானைக்கு எல்லாக் கரும்பும் ஒண்டுதானாம், தாஹிர் சொன்னவர். பதினைஞ்சு வருசமாத் தடியனுக்கு வராதது, இதுக்கு வரப்போகுதே?' எண்டு கேட்டுப்போட்டு, இதை வைச்சிட்டுப் போனார்."

தாஹிர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள் பத்மாசனி.