களத்தின் முதுகு

நான் பிறந்த அறையைக் காட்சிப் பொருளாக்கியவர்களிடம் எனக்கு மரியாதை வந்ததே இல்லை. குடவாசல் போகும் சாலையில் இருக்கும் பழைய ரைஸ் மில்லின் லைன் வீடுகள் அவை. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் எட்டு அறைகள். என் அப்பா அந்த மில்லில் பாய்லருக்கு உமி தள்ளியவர். மில் மூடி எல்லோரும் வெளியேறிப் பல வருடம் கழித்து, முதலாளியின் பேரன் சென்னையிலிருந்து வந்து அவற்றைப் பாதுகாக்கத் தொடங்கினார். 'தொழிலாளர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்த இடம்' என்று வாசலில் பலகை வைத்தார். ஒரே குடும்பமாம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் எங்கள் குடம் ஒருநாளும் இறங்கியதில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றிக்காட்டப் போனாள். போகாதே என்றேன்.

"உனக்குப் பிடிக்காததெல்லாம் இடிஞ்சே போவணுமாம்மா?"

லைனுக்கு முன்னால் அவித்த நெல்லைக் காயவைக்கும் களம். நடுவில் ஆமை முதுகுபோல உயர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் சரிந்து ஓரத்து வாய்க்காலில் வடிந்துவிடும். கலை நிகழ்ச்சிக்கு நாற்காலி போட வேண்டுமென்று பேரன் களத்தை மட்டமாக்கிக் கல் பதித்தார். வாய்க்காலையும் மூடினார். மண் சாந்துச் சுவர், அடியில் ஈரம் ஏறினால் நிற்காது என்று நேரில் போய்ச் சொன்னேன்.

"இன்ஜினியர் பாத்துட்டாருங்க. உங்க அப்பா காலத்து ஞாபகத்த வெச்சுக் கட்டடம் நிக்காது," என்றார்.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், ஞாயிறு நண்பகலில், மூன்றாவது அறையின் சுவர் சரிந்தது. மகள் அதன் வாசலில் நின்றிருந்தாள். ஓடு விழுந்து முழங்கை கிழிந்து ஐந்து தையல். போனில் சேதி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே வந்த பேரன், பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்ளலாமா என்றுதான் முதலில் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். களத்தின் பழைய சரிவு யாருக்கும் தெரியவில்லையாம், வரைபடமும் இல்லையாம். கதவைச் சாத்தினேன். மகள் கட்டுப்போட்ட கையோடு வந்து திறந்தாள்.

"நீ சொல்லலன்னா மத்த சுவரும் விழும். நான் அப்பவும் அங்க போவேன்."

அவளுக்காகத்தான் போனேன். ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். வேலையாள் யாருமில்லை. பேரனே குழாயில் பிடித்து, இடுப்பில் வைக்கத் தெரியாமல் சட்டையை நனைத்துக்கொண்டு தூக்கிவந்தார். களத்தின் நடுவில் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு நேராக நான் பிறந்த எட்டாவது அறையின் சுவரடிக்குப் போய்த் தேங்கி நின்றது. மகள் அது போன வழியைச் சாக்கட்டியால் குறித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

"இன்னொரு குடம் கொண்டாங்க," என்றேன்.