கிளீன் ரூமில் சாம்பிராணி

எங்கள் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். திறப்பு விழாவுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. பளிங்குக் கல்வெட்டுக்கு இருந்தது, வாசலில் வாழைமரம் கட்ட இருந்தது, மேடையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்த இருந்தது. வீடியோ எடுக்க டிரோன்கூட வந்தது. அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில், புற்றுநோய்க்கான செல் சிகிச்சைப் பிரிவு அப்படித்தான் பிறந்தது.

அந்தச் சிகிச்சையை வெளியாள் ஒருவருக்கு நான் முதன்முதலில் விளக்கியது தி.நகரில், ஒரு மேட்சிங் சென்டரில். கடைக்கார அக்கா திருநெல்வேலிப் பக்கம். பிளவுஸ் துணி, லைனிங், சாட்டின் ரிப்பன் என்று கூரை வரை அடுக்கி வைத்திருப்பார். புடவையை டியூப்லைட்டில் பார்க்கவே மாட்டார். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பார். நங்கநல்லூரிலிருந்து பல வருஷமாக அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு ரத்தத்தில் புற்றுநோய். கீமோவில் போனது, திரும்பி வந்துவிட்டது.

"உங்க ரத்தத்துல இருக்கிற செல்லையே எடுத்து, புற்றை அடையாளம் கண்டு அழிக்கப் பழக்கி, திரும்ப உள்ளே விடுவோம்க்கா" என்றேன்.

"டியூசன் எடுத்து அனுப்புதியளோ?" என்று கேட்டார். பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மகள் சிரித்துவிட்டாள்.

மும்பையில் அந்தச் சிகிச்சை கிடைத்தது. கடையை விற்றால் போகலாம். மகளுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று அக்கா மறுத்துவிட்டார். எங்கள் பிரிவு தொடங்கவிருந்த மருத்துவச் சோதனையில் சேர்ந்தால் செலவு கிடையாது. முதல் நோயாளியாக அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். உடம்பு தாங்கும் நிலையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அவருடைய டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

விழாத் தேதி தெரிந்ததும் அக்கா ஒரு ரிப்பன் சுருளை என் கையில் திணித்தார். கத்தரிப்பூ நிறம். "செவப்புதான் எல்லாரும் வெட்டுதாங்க. நம்ம ரூமுக்கு இது இருக்கட்டும்." நம்ம ரூம் என்றுதான் சொன்னார்.

அந்த ரூம் என்பது செல்களை வளர்க்கும் கிளீன் ரூம். கூரையில் இருக்கும் ஃபில்டர்கள் காற்றைச் சலித்துச் சலித்து உள்ளே விடும். தொப்பி, முகமூடி, காலுறை இல்லாமல் நாங்களே உள்ளே போக மாட்டோம். கொஞ்சம் பூஞ்சை புகுந்தால் போதும், நோயாளிக்குப் போகவேண்டிய செல் கெட்டுவிடும். இதை இயக்குநரிடம் சொன்னேன். பூஜையை வராந்தாவில் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னேன்.

"வெளிய பூஜை பண்ணா வெளியதான் மேடம் நல்லது நடக்கும்" என்றார். பெரிய ஜோக் என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிறப்பு விருந்தினருக்குத் தொப்பி கொடுக்கலாமா என்று கேட்டேன். போட்டோவில் அவர் முகம் தெரிய வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். செல் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர்.

ஆக, கத்தரிப்பூ ரிப்பன் வெட்டப்பட்டது. ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே புகுந்தது. பூஜை என்பதால் செருப்பை மட்டும் பவ்யமாக வெளியே விட்டார்கள். நான் அடுக்கி வைத்திருந்த காலுறைகளை யாரும் தொடவில்லை. குத்துவிளக்கு எரிந்தது. கற்பூரம் எரிந்தது. மூலைக்கு மூலை சாம்பிராணி காட்டினார்கள். பூசணிக்காயை வாசற்படியிலேயே போட்டு உடைத்தார்கள்.

சுவரில் தூசியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது அலற ஆரம்பித்தது. இறைவணக்கம் பாடிக்கொண்டிருந்த பெண் தடுமாறினாள்.

"மேடம், இந்தப் பொட்டி கத்திகினே கீது, இன்னா பண்றது?" என்று அலுவலக உதவியாளர் என்னிடம் ஓடி வந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் இயக்குநர் திரும்பினார். "ஆஃப் பண்ணுப்பா. சாமி பாட்டு நடக்குதுல்ல?"

அணைத்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள்.

ஃபில்டர்கள் கரி படிந்து கிடந்தன. சுவரோரத்தில் பூஞ்சை வந்தது. அறை சுத்தம் என்று சான்று வராமல் சோதனையைத் தொடங்க முடியாது. புது ஃபில்டருக்குப் பணம் கேட்டோம். தென் மண்டலத்துக்கு ஒரு பிரிவு கொடுத்தாயிற்று, இனி மற்ற மண்டலங்களின் முறை என்றது நிதி ஒதுக்கும் டெல்லிக் குழு. டெல்லி ஆரம்பித்ததை டெல்லியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள் இங்கே மாநில அரசில். கட்டுவதற்கு நிதி உண்டாம், கட்டியதைப் பராமரிக்கக் கிடையாதாம். என்னோடு பயிற்சி எடுத்த இருவரும் ஒப்பந்தம் முடிந்து ஹைதராபாத்துக்குப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த அந்த அறையின் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் பளபளவென்று வந்தது.

"ரூம் ரெடியாயிட்டா?" என்று அக்கா போன் பண்ணிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் அவர் மகள் பேச ஆரம்பித்தாள். இனி அவர் உடம்பு சோதனையைத் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, நேரில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவரிடமாவது யாராவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அக்கா கட்டிலில் படுத்தபடியே கேட்டார். "நானும் சாமி கும்பிடுதவதான். அந்த ரூமுக்குள்ள சாம்பிராணி போடச் சொல்லி எந்தச் சாமி கேட்டுச்சு?"

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். மகள் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

சென்ற மாதம் ஒருவழியாக ஃபில்டர்கள் வந்து சேர்ந்தன. எப்படி என்றால், புதிய திட்டம் ஒன்றின் பெயரில், புதிய கல்வெட்டோடு. ஆகவே மறுபடியும் திறப்பு விழா. விழா வேலைகளைப் பார்க்கும் அலுவலர் எனக்குப் போன் பண்ணினார்.

"மேடம், போன தடவ ரிப்பன் எங்க வாங்குனீங்க? போட்டோல அந்தக் கலர் எடுப்பா இருந்துச்சாம். சார் அதேதான் வேணும்ங்கிறார்."

"அதைக் குடுத்தவங்கதான் இந்த ரூம்ல முதல் பேஷன்டா இருக்க வேண்டியவங்க" என்றேன். "ரூம் பூட்டிக் கிடந்தப்ப செத்துப் போயிட்டாங்க."



"அச்சச்சோ" என்றார். "கடை இருக்குதா மேடம்?"