முந்திக் கட்டிய கடன்

போன மாதம் கிளிநொச்சி டவுனில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கடன் எனக்கில்லை — பக்கத்து வீட்டுச் செல்வராசாவுக்கு. அவருடைய மனைவி மலர் துணைக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தார்.

செல்வராசா நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். அறுவடை தொடங்கினால் உருத்திரபுரம், ஓமந்தை என்று மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டே இருப்பார். கூரை போடவும் சுவர் பூசவும் வீட்டுக் கடன் எடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாகக் காணி உறுதிப் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

கடன் என்றாலே அவருக்கு ஆகாது. அவருடைய தாத்தா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பட்ட கடன் தீராமலே கண்ணை மூடியவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் இவர். ஒவ்வொரு போகம் முடிந்ததும் கையில் மிஞ்சியதையெல்லாம் தவணைக்கு மேலதிகமாகக் கட்டிவிடுவார். கொஞ்சம் கையில் வைப்போம் என்பார் மலர். யார் கேட்டது?

இந்தக் காலபோகத்தில், அறுவடை நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. விளைந்த நெல் தண்ணீருக்குள் படுத்துவிட்டது. மெஷின் வயலுக்குள் இறங்கவே இல்லை. வேலை இல்லை... காசும் இல்லை.

செல்வராசா பதறவில்லை. அதுதான் முந்திக் கட்டியிருக்கிறோமே, சில மாதம் விட்டாலும் அதிலே கழியும் என்று தவணை கட்டாமல் இருந்துவிட்டார். நீங்களும் நானும்கூட அப்படித்தானே நினைப்போம்?

வங்கியிலிருந்து கடிதம் வந்தது — தவணை நிலுவை என்று.

மனுஷன் ஆடிப்போனார். மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டுவதென்று முடிவெடுத்து, வாங்குவதற்கு ஆளும் பிடித்துவிட்டார். அது போனால் அடுத்த போகத்துக்கு வேலைக்கு எதில் போவது? அப்போதுதான் மலர் எங்கள் இரண்டு பேரையும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடன் பகுதியில் இருந்த இளம்பெண் பொறுமையாக விளக்கினார். மேலதிகமாகக் கட்டியதெல்லாம் அசலில் கழிந்துவிட்டது. வட்டி குறைந்திருக்கிறது, கடனும் சில வருடம் முந்தியே முடியும். ஆனால் மாதத் தவணை மட்டும் மாதாமாதம் கட்டியே ஆகவேண்டும்.

"அப்ப நான் கட்டினதில ஒரு பிரயோசனமும் இல்லையோ, மிஸ்?"

"இருக்கு ஐயா. ஆனா அது கடைசியிலதான் தெரியும். இப்ப கைக்கு வராது."

மலர் தான் இருந்த கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அந்தக் கடைசியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மாதக் காசைக் குறைக்க ஏலாதோ?"

ஏலும் என்றார் அந்தப் பெண். மிச்சக் கடனைப் பழைய கால எல்லைக்கே பரப்பலாம், தவணை நன்றாகக் குறையும். நிலுவையையும் அதிலேயே சேர்க்கலாம். வட்டி மட்டும் கொஞ்சம் கூடும் — அதையும் மறைக்காமல் சொன்னார். இவ்வளவு காலம் ஒழுங்காகக் கட்டியவர்கள் என்பதால் மேலிடம் சம்மதிக்கும் என்றும் சொன்னார்.

விண்ணப்பப் படிவத்தை நீட்டியும் செல்வராசா பேனாவைத் தொடவில்லை. "கடன் திரும்ப நீளுது," என்றார் மெதுவாக.

"நீளட்டும். உங்கட தாத்தாவை ஒருத்தரும் கதிரை குடுத்து இருத்தேல்லை. எங்களை இருத்திக் கதைக்கினம். கேப்பம்," என்றார் மலர்.

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

சம்மதம் கிடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வாங்க வந்தவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியாயிற்று. செல்வராசா இப்போது வீதி போடும் வேலைக்குப் போகிறார். தவணை போக மிஞ்சுவதை மலர் சேமிப்புக் கணக்கில் போடுகிறார் — தன் பெயரில்!

கடனை முந்திக் கட்டுவது நல்லதுதான். ஆனால் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்: இதனால் குறையப்போவது காலமா, தவணையா? இடையில் கை இறுகினால் என்ன வழி? கேள்விக்கு வட்டி கிடையாது.

நேற்று செல்வராசா வேலியோரம் வந்து ரகசியமாகக் கேட்டார், அந்தச் சேமிப்பில் கொஞ்சம் எடுத்துக் கடனுக்குக் கட்டினால் என்ன என்று.

மலரிடம் கேட்கச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.