கழுவாத கல்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையிலிருந்து தப்பிக்கிற பொருள் எதுவும் கிடையாது. அப்பாவின் ஸ்கூட்டரும் அம்மாவின் அரிவாள்மணையும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். ஒரு வருடம் பல்லி விரட்டும் துடைப்பத்துக்குக்கூடச் சந்தனம் கிடைத்தது. அத்தையின் கற்களுக்கு மட்டும் எதுவும் இல்லை என்பது, நான்காம் வகுப்பு படித்த எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டு, ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தார். பாடாலூர் தாண்டி இருக்கும் களிமண் பள்ளங்களில் பொறுக்கிய கற்கள் அவர் அறை அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கூடுகள். அங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்து, கல்லாகிப் போனவை.

"இந்தக் கோடெல்லாம் சுவரு. உள்ள இருந்த பிராணி வளர வளர, பின்னால ஒரு சுவரை எழுப்பி ரூமை மூடிட்டு, முன்னால குடி வந்துரும்" என்பார். கோடு வளைகிற விதத்தைப் பார்த்துத்தான் எது எந்தப் பேரினம் என்று பிரிப்பாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த அறையில் தனியாக நிற்க எனக்குப் பயம். மூடிய அறைகளுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதே என் கவலை.

மற்ற கற்களில் கோடுகள் கொத்தமல்லி இலை போலப் பிரிந்து பிரிந்து ஓடும். மேல்தட்டில், பஞ்சின் மேல் வைத்திருந்த மண் அப்பிய கல்லில் மட்டும் கோடு வெறும் அலையாக நெளிந்தது. "இது யாரும் பார்க்காத புதுப் பேரினம். உன் பேரைத்தான் வைக்கப்போறேன். ஆனா தொடாதே, உதிர்ந்துரும்" என்றிருந்தார். அவருடைய மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு கல்லின் மேல்தான் நின்றது. பள்ளியில் நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

பூஜையன்று மத்தியானம் அத்தை பொரி வாங்கப் போனார். என் பெயர் வைக்கப்போகும் கல் அழுக்கோடு பூஜைக்கு உட்காருவதா? கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப்போய், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

மண் சாம்பல் நிறமாகக் கரைந்து ஓடியது. அலைக்கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு கிளை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. குழாயை மூடினேன். தண்ணீர் வடிய வடிய, நான் தேய்க்காத இடத்திலும் கிளைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் மற்ற கற்களில் இருந்த அதே கொத்தமல்லி இலை. கொல்லையில் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. உள்ளே மூடிக்கிடந்த ஏதோ ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். சாமிக்காவது அடங்கட்டும் என்று அவசரமாகச் சந்தனம் பூசி, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த அத்தை, பொரிப் பொட்டலத்தோடு படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உதிரலையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அத்தை, ஒண்ணுமே உதிரல" என்றேன் பெருமையாக.

மறுநாள் விடியற்காலையில் குழாயடியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஈர மண்ணை எடுத்து, கட்டைவிரலால் அந்தக் கல்லின் கோடுகளில் ஒவ்வொன்றாக அப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிய முகம் எனக்குத் தெரிந்த அத்தையுடையதாக இல்லை. வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து, மண் முழுவதையும் கழுவினார்.

"போய்ப் பல்லு தேய், கண்ணு" என்றார்.

கல் கீழ்த்தட்டுக்கு, மற்ற கற்களோடு போய்ச் சேர்ந்தது. புதுப்பெயர் எதுவும் வரவில்லை. அத்தைக்குப் பட்டம் கிடைக்க இன்னும் நான்கு வருடம் ஆனது. வாக்குத் தவறிவிட்டார் என்று நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை.

அத்தனை கற்களையும் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்தவர், அந்த ஒன்றை மட்டும் மூன்று வருடம் ஏன் கழுவாமல் வைத்திருந்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது; கேட்கத்தான் தைரியம் இல்லை.