மூன்றாவது நிரல்

வடமராட்சியில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவினர் பெயர்கள், கடைசியில் நன்றி. அதைக் கல்வெட்டு என்பார்கள். நெல்லியடியில் உள்ள அச்சகம் ஒன்றுக்காகப் பாலேஸ்வரி அப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு கல்வெட்டுகள் எழுதியிருந்தார்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர் அவர். அச்சுக்கோக்கப் போன இடத்தில், பிறர் எழுதியதை ஈய எழுத்தில் தலைகீழாக வாசித்தே எழுதப் பழகினார். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் பிரதி, திருத்தப் பிரதி, வீட்டார் ஒப்பமிட்ட படிவம் மூன்றும் இருக்கும். இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பையை விட்டுவிட்டுக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று அச்சகத்தில் அவரைக் கேலிசெய்வார்கள். அது உண்மைதான்.

படிவத்தில் மூன்று நிரல்கள் இருந்தன. முதலாவதில் இருப்பவர்கள், இரண்டாவதில் காலமானவர்கள். மூன்றாவதற்குத் தலைப்பு இல்லை. 2009இன் இறுதியில் அவராகவே கோடு கீறிச் சேர்த்த நிரல் அது. அதில் வரும் பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லும் போடமாட்டார். புத்தகத்தில் அப்பெயர் தனி வரியில் நிற்கும். ஏன் என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

2024 செப்டெம்பரில் தொண்டைமானாற்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர் கதிரவேலு காலமானார். மூத்த மகன் கோபிசங்கர் கனடாவிலிருந்து வந்து கொள்ளிவைத்து, எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த கையோடு திரும்பிவிட்டார். ரொறன்ரோவில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் அவர் இருந்தார். அதன் படம் வீட்டுக் கூடத்தில், சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில், சட்டமிட்டுத் தொங்கியது.

பாலேஸ்வரி படிவம் நிரப்பப் போன அன்று கதிரவேலுவின் மனைவி குணலட்சுமி அந்தப் படத்தைக் காட்டினார்.

"உதிலை பதின்மூண்டாம் மாடி இல்லையாம் பாலேஸ். ராசியில்லை எண்டு லிப்டிலை நம்பரை விட்டிடுவினமாம். பன்ரண்டுக்குப் பிறகு பதினாலு."

"அப்ப அந்த மாடியிலை ஆக்கள் இல்லையோ குணமக்கா?"

"இருப்பினம். நம்பர்தான் இல்லை. விசர்க் கூத்து!" என்று, கணவர் இறந்த பிறகு முதற்தடவையாகச் சிரித்தார். பிறகு இளைய மகனின் பெயரைச் சொன்னார்: "மயூரதன்."

பாலேஸ்வரி அதை 612ஆம் படிவத்தின் மூன்றாவது நிரலில் எழுதினார். போர் முடிந்த 2009 மே மாதத்தில் மயூரதன் இராணுவத்தின் பேருந்தொன்றில் ஏற்றப்பட்டதைத் தாய் தன் கண்ணால் கண்டவர். மகன் திரும்பி வரவில்லை. அதன்பின் பதினொரு விசாரணைகளில் அவர் சாட்சி சொல்லியிருந்தார். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி இருமுறை கேட்கப்பட்டு, இருமுறையும் மறுத்திருந்தார். 'என் மகன் இருக்கிறான்' என்ற அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் அவருடைய எஞ்சிய காலம் முழுவதும் நின்றது. குணலட்சுமி படிவத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்து ஒப்பமிட்டார்.

பாலேஸ்வரி எழுதியதை அச்சக முதலாளி அடைக்கலநாதன், கோபிசங்கரின் பார்வைக்கு ரொறன்ரோவுக்கு அனுப்பினார். அச்சடிப்பதற்கு முதல்நாள் பதில் வந்தது. அது வந்ததை யாரும் பாலேஸ்வரிக்குச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டத்தோடு புத்தகங்களும் கைமாறின. கதிரவேலுவின் ஒன்றுவிட்ட தங்கை பூரணம் வழமைபோலச் சத்தமாக வாசித்தார்.

"பாசமிகு புதல்வர்கள் கோபிசங்கர், காலஞ்சென்ற மயூரதன்... காலஞ்சென்றதோ? எடியே, எப்ப அறிவிச்சவை? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

குணலட்சுமி புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். பின்னட்டையைத் திருப்பினார். 'ஆக்கம்: பாலேஸ்வரி' என்றிருந்தது.

"நீரும் என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டீரோ, பாலேஸ்?"

பாலேஸ்வரி அந்த வரியைத் தானும் வாசித்தார். ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வீட்டில் தன் பிரதியையும் அச்சான பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனையால் அடையாளமிட்டார். நாற்பத்தொரு வாக்கியங்கள் மாறியிருந்தன. பிந்திய தபாலைத் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்ததால் கதிரவேலுவின் வேட்டிக் கரையில் எப்போதும் சங்கிலி எண்ணெய்க் கறை இருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். அந்த இடத்தில் 'சமூகத்தின் கலங்கரை விளக்காகத் திகழ்ந்தார்' என்றிருந்தது. தனி வரி போய்விட்டது. மூன்று நிரல்கள் இரண்டாகியிருந்தன.

"உம்மடையைத்தான் கோபிசங்கர் ஏஐயிலை போட்டுக் கொஞ்சம் வடிவாக்கினவன்," என்றார் அச்சகத்தில் அடைக்கலநாதன். "உம்மடை பேரை எடுக்கிறது மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்."

"எடுத்திருந்தால் அதுதான் மரியாதை, அண்ணை."

"சரி, கோவிக்காதையும். இனி எல்லாரும் உப்பிடித்தான். நேற்றும் ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலத்திலை நானே அடிச்சுக் குடுத்தனான். ஆரும் வித்தியாசம் கேக்கேல்லை."

மறுநாள் மாலை ஐந்தரைக்கு, அங்கே காலை எட்டு மணிக்கு, பாலேஸ்வரி கோபிசங்கருடன் தொலைபேசியில் கதைத்தார்.

"அது மெசின் விட்ட பிழை, அக்கா," என்றார் அவர். "இஞ்சை கட்டடத்தின்ரை வடிவமைப்பு அறிக்கையையே நாங்கள் உதாலைதான் எழுதுறம். அறுபது பக்கம். அதிலையும் இடைக்கிடை பிழை வரும்."

"அறிக்கையை ஆரும் வாசிச்சுப் பாக்கிறேல்லையோ, தம்பி?"

"வாசிப்பம். பிழையெண்டால் கட்டடம் விழுந்திடுமே."

"அப்ப இதை?"

அந்தப் பக்கத்தில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"வாசிச்சனான்," என்றார் கோபிசங்கர். "மூண்டு தரம் வாசிச்சனான். பதினைஞ்சு வருசம், அக்கா. ஆராவது ஒராள் அதை எழுதத்தானே வேணும். என்ரை கையாலை எனக்கு எழுத ஏலாது. அது தானாய் எழுதிச்சுது. நான் மாத்தேல்லை."

"என்ரை பேர் அதிலை கிடந்தது, தம்பி."

உரையாடலின் திகதி, நேரம், வாசகம் மூன்றையும் பாலேஸ்வரி குறிப்பேட்டில் பதிந்தார். தான் குற்றமற்றவர் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் அந்தத் தாய்க்கு மிஞ்சியிருந்த மற்றப் பிள்ளையும் போய்விடுவான்.

மூன்று நாட்கள் கழித்துத் தொண்டைமானாற்றுக்குப் போனபோது, அத்தாட்சியாக ஒப்பமிட்ட படிவத்தை மட்டும் கொண்டுபோனார். குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டார். குணலட்சுமி கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. படிவத்தை வாங்கி, தன் கையெழுத்தை, மூன்றாவது நிரலை, அதிலிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அதை ஆர் எழுதினது?"

"மெசின், குணமக்கா. கொம்பியூட்டர் தானாய் எழுதினது."

"ஆரும் சொல்லாமல் எழுதுமோ?"

பாலேஸ்வரி நிலத்தைப் பார்த்தார்.

"செத்தவீட்டுக்கு வந்து எட்டு நாள் இருந்தவன்," என்றார் குணலட்சுமி மெதுவாக. "தம்பியின்ரை பேரை ஒருக்காலும் எடுக்கேல்லை. நான் தேப்பன்ரை துக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

சுவரில் கட்டடப் படம் அப்படியே இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், விசாரணைக் கடிதங்கள் கட்டிய பொலித்தீன் பையை எடுத்துவந்து, படிவத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும். வெறும் படிவம் வைச்சிருக்கிறீரோ?"

"பைக்குள்ளை எப்பவும் இருக்கும். ஏன்?"

"என்ரை கல்வெட்டை இப்பவே எழுதி வையும். நான் கண்ணை மூடினால் அதை அவன்தான் செய்விப்பான். அவனுக்கு விடேலாது."

பாலேஸ்வரி மறுத்துப் பார்த்தார். இருக்கிறவருக்குக் கல்வெட்டு எழுதுவது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. கிழவி கேட்கவில்லை. பேனையின் மூடியை அவரே கழற்றி நீட்டினார்.

"மயூரதன், மூண்டாவது," என்றார்.

"மூத்தவர்?"

குணலட்சுமி முதலாவது நிரலில் விரலை வைத்தார்.

"அவன் இருக்கிறான்தானே. முதலாவதிலை போடும்."

படிவத்தின் தலைப்பில் 613 என்று எழுதி, இறந்த திகதிக்கான இடத்தை வெறுமையாக விட்டு, பாலேஸ்வரி அதைக் கையெழுத்துக்காகத் திருப்பி வைத்தார்.